முழங்கால் சத்திரசிகிச்சை: பாதி வேலை வீட்டில்தான்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடிப் படிகளில் கம்பியைப் பிடித்து, படிக்குப் படி நின்று ஏறும் தாய்மாரைக் காணாத நாளில்லை. மூட்டை முடிச்சோடு ஊர் ஊராய் நடந்த கால்கள்; பதுங்குகுழிக்குள் விழுந்தெழும்பிய கால்கள்; ஷெல் பட்ட கால்கள். பிள்ளைகளின் வருத்தத்துக்கு உடனே வைத்தியரிடம் ஓடும் நாம், எங்கள் முழங்காலுக்கு மட்டும் தைலம் பூசி நாளைக் கடத்துகிறோம்.

எல்லா முழங்கால் நோவுக்கும் சத்திரசிகிச்சை தேவையில்லை. பயிற்சி, உடல் நிறையைக் குறைத்தல், மருந்து என்பன பலருக்குப் போதும். இவற்றால் பலனின்றி நித்திரையும் நடையும் கெடும்போதே வைத்தியர் மூட்டு மாற்றுவது பற்றிப் பேசுவார். தேய்ந்த பகுதியை அகற்றி, உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட மூட்டைப் பொருத்துவதே இச்சிகிச்சை. இந்தியப் பிரதமராக இருந்த வாஜ்பாய் 2000ஆம் ஆண்டில், 75 வயதில், மும்பாயில் ஒரு முழங்காலுக்கும் அடுத்த ஆண்டு மற்றதற்கும் இதைச் செய்துகொண்டார். முழுமையாக மாற்றப்பட்ட முழங்கால் மூட்டுகளில் 10இல் 8 வரை 25 வருடங்கள் நிலைப்பதாக 2019இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது.

போகுமுன் சொல்ல வேண்டியவை

உங்கள் உடம்பில் ஷெல் துண்டு இருக்கிறதா? முழங்காலில் அல்லது இடுப்பில் பழைய காயம் சீழ் பிடித்து ஆறியதா? மறைக்காமல் சொல்லுங்கள். பழைய கிருமித்தொற்று புதிய மூட்டையும் பாதிக்கலாம். நீரிழிவைக் கட்டுப்படுத்துங்கள். பல், தோல், சிறுநீர் ஆகியவற்றில் தொற்று இருந்தால் முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். அஸ்பிரின் போன்ற மருந்துகளை எப்போது நிறுத்துவது என்பதை வைத்தியரே முடிவு செய்ய வேண்டும்.

அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். ஆனாலும் செயற்கை மூட்டை நாமே வாங்க வேண்டுமா என்பதை முன்கூட்டியே கேளுங்கள். வசதி குறைந்தவர்கள் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். ஒப்புதல் படிவம் விளங்காவிட்டால் தமிழில் விளக்கும்படி கேட்டபின் கையெழுத்திடுங்கள். 1987இன் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

வீட்டை ஆயத்தம் செய்யுங்கள்

பாயில் படுப்பவர்கள் உயரமான கட்டிலுக்கு ஒழுங்கு செய்யுங்கள். குந்தியிருக்கும் மலசலகூடமானால், மேலே வைக்கும் கொமட் கதிரை தேவை. குளிப்பதற்கு ஒரு கதிரை போதும். ஈரத்தில் சறுக்கும் கால்மிதியை எடுத்துவிடுங்கள். குசினியில் அடிக்கடி எடுக்கும் சாமான்களை இடுப்பு உயரத்தில் வையுங்கள். திருவலையில் இருந்து தேங்காய் துருவுவதைச் சில மாதம் வேறொருவர் பார்க்கட்டும். தனியாக வாழ்பவர்கள் முதல் இரண்டு கிழமைக்காவது துணைக்கு யாரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பிய பின்

பெரும்பாலும் அன்றோ மறுநாளோ எழுப்பி நடக்க விடுவார்கள். பயப்பட வேண்டாம். படியில் ஏறும்போது நல்ல கால் முன்னே; இறங்கும்போது சிகிச்சை செய்த கால் முன்னே. முழங்கால் மாற்றியவர்கள் முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுக்காதீர்கள். மடங்கியபடியே இறுகிப் போகும். இடுப்பு மாற்றியவர்கள் வைத்தியர் சொல்லும் காலம்வரை குந்துவதையும் காலின் மேல் கால் போடுவதையும் தவிருங்கள்.

நோ இருந்தாலும் இயன்மருத்துவர் சொன்ன பயிற்சியை விடாதீர்கள். பயிற்சிக்கு முன் நோ மாத்திரையை எடுக்கலாமா என்று கேளுங்கள். அடியழிப்பதாக நேர்த்தி வைக்காதீர்கள். மயூராபதி அம்மனை நின்றும் கும்பிடலாம். கொச்சிக்கடை அந்தோனியாரிடம் கதிரையில் இருந்தும் செபிக்கலாம்.

உடனே வைத்தியசாலைக்கு

கெண்டைக்கால் வீங்கி நோதல், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு நோ, காய்ச்சல், காயத்தில் சிவப்பு அல்லது சீழ் கண்டால் ஒருநாளும் பிந்தாதீர்கள்.

முழுப்பலன் தெரிய மாதங்கள் எடுக்கும். முழங்காலானால் ஒரு வருடம்கூட ஆகலாம். இத்தனை காலம் மற்றவர்களைத் தாங்கிய கால்கள் அவை. சில மாதம் மற்றவர்கள் எங்களைத் தாங்குவதில் குறையொன்றுமில்லை.