கோவை வக்கீலும் அரசியல் சட்டத்தின் 43ஆம் பிரிவும்

சென்ற மாதம் நெசவாளர் சங்கமொன்றுக்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தேன். வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் கேட்டார்: “ஐயா, தள்ளுபடி மானியம், நூல் மானியம் என்று சர்க்கார் தருகிறதே, அது தயவா, கடமையா?”

இவ்வினாவுக்கு விடை, கோயம்புத்தூர் வக்கீல் தி. அ. இராமலிங்கம் செட்டியாரின் வாழ்வோடு பிணைந்தது. 1881இல் பிறந்த அவர், சட்டம் பயின்று கோவையில் தொழில் நடத்தினார். கூட்டுறவுச் சங்கங்களுக்கான முதற்சட்டம் 1904இல் இந்நாட்டில் பிறந்தது. அவ்வியக்கம் நம் மாகாணத்தில் வேரூன்ற உழைத்த முன்னோடிகளுள் செட்டியார் ஒருவர். சட்டசபைப் பணியும் வங்கிப் பணியும் அவருக்கு இரு வேறு துறைகளாகத் தோன்றவில்லை.

சென்னை மாகாணப் பிரதிநிதிகளுள் ஒருவராக அரசியல் நிர்ணய சபையில் அவர் அமர்ந்தார். 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதத்தின்போது, தென்னாட்டுக்கு இது உயிர்ப்பிரச்சினை என்று அஞ்சாது எடுத்துரைத்தவர் அவரே. ஆயினும் நம்மைப் பொறுத்தவரை, அதற்கு முந்திய 1948 நவம்பர் விவாதமே பெரிது.

தொழிலாளருக்கு வாழ்க்கைக்குப் போதிய ஊதியம் கிடைக்க ராஜ்யம் முயல வேண்டும் என்று நகல் சட்டத்தின் 34ஆம் பிரிவு கூறிற்று. அதில் தறியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உழவனின் பெயரும் இல்லை. ‘தொழிற்சாலை முதலியன’ என்ற அளவோடு அது நின்றது. குடிசைத் தொழில்களைக் கூட்டுறவு வழியில் வளர்க்கும் கடமையைச் சேர்க்குமாறு செட்டியார் திருத்தம் கொணர்ந்தார். அங்கத்தினர் பலர் இதனை விரும்புவதைக் கண்ட டாக்டர் அம்பேத்கர், சிறு மாறுதலுடன் அதை ஏற்றார். ‘தனிமுறையிலோ கூட்டுறவு முறையிலோ’ என்று வாசகம் அமைந்தது. சங்கத்தில் சேராது வீட்டில் தனியே தறி நெய்பவனும் இதனால் விலக்கப்படவில்லை. ‘விவசாய’ என்ற சொல்லும் அப்பிரிவில் இடம்பெற்றது. அதுவே இன்றைய 43ஆம் பிரிவு.

‘கிராமப் பகுதிகளில்’ என்ற வரம்பு அதில் உள்ளது. நகரத் தெருக்களில் நெய்யும் ஆயிரக்கணக்கானோரை நினைக்கையில் அவ்வரம்பு வேண்டாததென்றே எனக்குத் தோன்றுகிறது.

“கடமைதான், பெரியவரே” என்றேன். “அப்படியானால் தராவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாமா?” என்று மடக்கினார். போக முடியாது. வழிகாட்டும் கோட்பாடுகளை நீதிமன்றம் வாயிலாக வற்புறுத்த இயலாதென 37ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் சட்டம் இயற்றுவோருக்கு அவை ஆதாரமாகும். சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985இல் பாராளுமன்றம் சட்டம் செய்தது. விசைத்தறியாளர் எதிர்த்து வழக்காடியும், 1993இல் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லுமெனத் தீர்ப்பளித்தது. ஒதுக்கிய வகைகள் 22ஆக இருந்து பின்னர் 11ஆகக் குறைந்தது வேறு வருத்தம். 2011இல் நிறைவேறிய 97ஆம் திருத்தத்தின்படி, கூட்டுறவுச் சங்கங்களின் தன்னாட்சியையும் ஜனநாயக நிர்வாகத்தையும் வளர்க்குமாறு 43-பி பிரிவும் சேர்ந்தது.

செட்டியார் இவற்றைக் காணவில்லை. முதற் பொதுத்தேர்தலில் கோவையிலிருந்து போட்டியின்றி லோக்சபைக்குத் தேர்வு பெற்று, 1952லேயே காலமானார்.

பெரியவர் சற்று யோசித்தார். “அந்தப் பிரிவின் எண்ணை எழுதிக் கொடுங்கள் ஐயா, அடுத்த மகாசபையில் படிக்க வேண்டும்” என்றார். எழுதிக் கொடுத்தேன்.