பழைய சேலையில் குளிர்காலப் போர்வை: நூலோட்டமா, ஊக்கா, பசை ஸ்பிரேயா?

மார்கழியில் கள்ளக்குறிச்சியில் ஒரு போர்வை போதும். கல்வராயன் மலையேறி வெள்ளிமலையில் இரவு தங்கினால் இரண்டு வேண்டும். அந்தக் குளிரைத் தாங்க கடையில் கம்பளி வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. பீரோவில் மடித்துக் கிடக்கும் நாலைந்து பழைய காட்டன் சேலைகளை அடுக்கித் தைத்தாலே கதகதப்பான போர்வை தயார். இதையே வங்காளத்தில் காந்தா என்றும், மகாராஷ்டிரத்தில் கோதடி என்றும், வட கர்நாடகத்தில் கவுதி என்றும் சொல்கிறார்கள்.

கைத்தையல் இந்த மலைப்பக்கத்துக்குப் புதிதல்ல. கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு நடுவே இருக்கும் சிட்லிங்கி பள்ளத்தாக்கில், லம்பாடிப் பெண்கள் மறந்துபோன தங்கள் பூத்தையலை மீட்டெடுத்து, ‘போர்கை’ என்ற பெயரில் இன்றும் தைத்து விற்கிறார்கள்.

ஆனால், முதன்முறை போர்வை தைப்பவர்கள் பலர் சறுக்குவது தையலில் அல்ல, அதற்கு முந்தைய வேலையில்தான். அடுக்கிய துணிகள் நகராமல் இருக்க, முதலில் தற்காலிகமாக இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் மெஷினின் பற்கள் அடித்துணியை முன்னால் இழுக்கும், மேல்துணி பின்தங்கும். முடித்துத் திருப்பிப் பார்த்தால் அடியில் சுருக்கம் சுருக்கமாக இருக்கும். புதுத்துணி என்றால் பிரித்துத் தைக்கலாம். அம்மா உடுத்தி நைந்த சேலையைப் பிரித்தால் கிழிந்துவிடும். அந்தச் சேலை இன்னொன்று கிடைக்காதே!

முதலில் விரிப்பு

சேலைகளைத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். அடித்துணியை எல்லாப் பக்கமும் 3 அங்குலம் பெரிதாக வெட்டுங்கள். அதைச் சுத்தமான தரையில் விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். சுருக்கம் இருக்கக் கூடாது. அதற்காக இழுத்துப் பிடிக்கவும் கூடாது. இழுத்து ஒட்டினால், டேப்பை எடுத்ததும் துணி சுருங்கிக்கொள்ளும். அதன்மேல் ஒவ்வொரு சேலையாகப் பரப்பி, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிவிடுங்கள். இணைப்பதையும் நடுவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நூலோட்டம்

நீளமான ஊசியில் காட்டன் நூல் கோத்து, 2 அங்குலத்துக்கு ஒரு தையலாக, 4 அங்குல இடைவெளியில் வரிசை வரிசையாக ஓட்டுங்கள். நூல் கண்ணுக்குத் தெரிகிற வேறு நிறமாகவும், வெளிர் நிறமாகவும் இருக்கட்டும். அடர்நிற நூல் சாயம் விடலாம். செலவு ஒரு நூல்கண்டுதான். ஆனால், பெரிய போர்வைக்கு ஒரு பகல் பொழுது போகும், முதுகும் வலிக்கும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் சீக்கிரம் முடியும்.

ஊக்கு

உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று, அதாவது 4 அங்குலத்துக்கு ஒன்று. 5 அடிக்கு 7 அடிப் போர்வைக்கு சுமார் 300 ஊக்கு பிடிக்கும். வேலை வேகமாக நடக்கும், ஊக்குகளை மறுபடியும் பயன்படுத்தலாம். மெஷினில் தைக்கும்போது ஊசி நெருங்குவதற்கு முன்பே ஊக்கைக் கழற்றிவிடுங்கள். ஊசி ஊக்கில் பட்டால் உடைந்து தெறிக்கும். மலைக்காற்றின் ஈரத்தில் மாதக்கணக்கில் விட்டால் துருக்கறை படியும். துருப்பிடிக்காத ஊக்காகப் பார்த்து வாங்குங்கள்.

பசை ஸ்பிரே

துணிக்கென்றே விற்கும் ஸ்பிரேயை மட்டும் வாங்குங்கள். நிமிடங்களில் ஒட்டிவிடும். குஷன் உறை போன்ற சிறு வேலைகளுக்கு வசதி. ஆனால், எளிதில் தீப்பற்றும். அடுப்புக்குப் பக்கத்தில் கூடவே கூடாது. ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். வீசிங் உள்ளவர்களும் குழந்தைகளும் அந்த அறையில் இருக்க வேண்டாம். ஒட்டிய சில நாட்களுக்குள் தைத்து, துவைத்துவிடுங்கள்.

யாருக்கு எது?

* கையால், நேரம் கிடைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தைப்பவர்களுக்கு: நூலோட்டம். மடித்து எடுத்து வைத்தாலும் குத்தாது.
* மெஷினில் ஒரே வாரத்தில் முடிப்பவர்களுக்கு: ஊக்கு.
* வழுக்கும் சிந்தெடிக் சேலைக்கு: நூலோட்டம், வரிசைகளை 3 அங்குலத்துக்கு நெருக்கி.
* பட்டுக்கு: மெல்லிய ஊசியால் நூலோட்டம். ஊக்கு குத்திய ஓட்டை பட்டில் மறையாது.
* கைக்குழந்தையின் போர்வைக்கு: நூலோட்டம். ஸ்பிரே வேண்டாம், கழற்ற மறந்த ஊக்கு ஒன்று இருந்தாலும் ஆபத்து.

தரையில் குனிய முடியாதவர்களுக்கும் வழி உண்டு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி சமூகப் பெண்கள் ‘கவந்தி’ என்ற போர்வையைத் தைக்கும்போது, ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, அடித்துணியோடு சேர்த்தே தைத்துக்கொண்டு நடுப்பகுதிக்கு வருகிறார்கள். துண்டை வைத்ததுமே தைத்துவிடுவதால், தனியாக நூலோட்ட வேண்டிய தேவை இல்லை. மடியில் வைத்தே தைக்கலாம்.

எந்த முறையானாலும், நிரந்தரத் தையலைத் தொடங்கும் முன் ஒருமுறை அடுக்கைத் திருப்பிப் போட்டு, அடித்துணி மேல் உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள். கையில் சுருக்கம் தட்டினால் அந்த இடத்தை மட்டும் பிரித்து, மறுபடி இணைத்துவிடுங்கள். இப்போது அது பத்து நிமிட வேலை. தைத்து முடித்த பிறகு என்றால், சேலையே தாங்காது.