கண்ணில் ஒரு கீறல்

பெங்களூர் பீன்யாத் தொழிற்பேட்டையில் சாணைக்கல்லின் முன் நிற்கும் தொழிலாளி. தலைக்கவசத்தின் கண்ணாடியை உயர்த்திவிட்டு ஓசூர்ச் சாலையில் ஸ்கூட்டரில் விரையும் எழுத்தர். மடிக்குழந்தையின் நகம் பட்டுத் துடிக்கும் தாய். இம்மூவருக்கும் நேரக்கூடியது ஒன்றே. கண்ணின் முன்புறத்தே, கைக்கடிகாரத்தின் மேற்கண்ணாடிபோல் அமைந்துள்ள விழிவெண்படலத்தில் ஒரு கீறல் விழுகிறது. பெயரில் வெண்மை இருப்பினும் அப்படலம் நிறமற்றது. அதன் ஊடே தெரியும் கருமையைத்தான் நாம் கருவிழி என்கிறோம்.

அப்படலத்தின் தடிப்பு நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அதன் மேல்தோலோ அதிலும் பத்தில் ஒரு பங்கே. அங்கு இரத்தக் குழாய்கள் இல்லை. ஆனால் நரம்பு நுனிகள் மிக நெருக்கமாகப் பரவியுள்ளன. ஆதலின் மிகச் சிறிய கீறலும் மணல் அறுப்பதுபோல் உறுத்துகிறது, நீர் பெருகுகிறது, வெளிச்சம் கூசுகிறது. தூசி வெளியேறிய பின்னரும் அது உள்ளேயே இருப்பதாகத் தோன்றுவது இக்கீறலால்தான். மேல்தோல் மட்டும் சிதைந்திருந்தால், சுற்றியுள்ள உயிரணுக்கள் நகர்ந்து வந்து, ஒன்று முதல் மூன்று நாட்களில் தழும்பின்றி மூடிவிடும்.

அவ்வாறாயின் அஞ்சுவானேன்? அம்மேல்தோலே கிருமிகளைத் தடுக்கும் கதவு. அது திறந்திருக்கும் நேரத்தில் கிருமி நுழைந்தால் புண்ணாகி, ஆறியபின் வெண்தழும்பு நின்று பார்வையை மறைக்கும். மதுரை மாவட்டத்தில் இத்தகைய புண் ஆண்டொன்றுக்கு இலட்சம் பேரில் 113 பேருக்கு ஏற்படுவதாக 1996இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. அறுவடைக்கென ஊர் செல்லும் நேயர்கள் நினைவிற்கொள்க: நெல்லுமி, கரும்புத்தோகை போன்றவற்றால் ஏற்படும் கீறலில் பூஞ்சைக் காளான் புகுவதுண்டு; அது எளிதில் குணமாவதில்லை.

காலம் எவ்வளவு முக்கியமென்பதை நேபாளத்தின் பக்தபூரில் நடந்து, 2001இல் வெளியான ஆய்வு காட்டிற்று. கீறல் பட்டவர்களுக்குக் கிராமப் பணியாளர்களே நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பை நாளுக்கு மூன்று முறையாக மூன்று நாட்கள் இட்டனர். 18 மணி நேரத்திற்குள் வந்தவர்களில் ஒருவருக்கும் புண் உண்டாகவில்லை. ஒரு நாளுக்கு மேல் தாமதித்தவர்களிலோ நான்கில் ஒருவருக்கு மேல் உண்டாயிற்று. அரைநாள் கூலி போகுமே என்று மறுநாளைக்குத் தள்ளிவைப்போர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

தூசி விழுந்தவுடன் கண்ணைக் கசக்கலாகாது. கைகளைக் கழுவிக்கொண்டு, தூய நீரைத் தாரையாக ஊற்றிப் பன்முறை இமைக்க வேண்டும். மேலிமையைக் கீழிமையின்மீது மெல்ல இழுத்துவிடுவதும் பயன் தரும். ஒட்டிக்கொண்ட துகளைத் தீக்குச்சியாலோ கைக்குட்டை முனையாலோ தோண்டும் நண்பரின் உதவி வேண்டவே வேண்டாம். நாக்கால் துகள் எடுப்பதும், தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ பச்சிலைச் சாறோ விடுவதும் நம் ஊர்களில் அன்பினால் செய்யப்படுபவை. அவற்றோடு கிருமியும் உட்செல்கிறது. கட்டட வேலையில் சுண்ணாம்போ சிமெண்டோ பட்டால் அது கீறலன்று, வேக்காடு. அரைமணி நேரம்வரை நீரால் கழுவிய பின்னரே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சுத்தியலடியில் தெறித்த இரும்புத் துணுக்கு விழிக்குள்ளேயே பாய்ந்திருக்கக்கூடும். அப்போது கழுவாமலும் அழுத்தாமலும், காகிதக் குவளை ஒன்றால் மூடிக்கொண்டு செல்க.

1896இல் சிறு மருந்தகமாகத் தோன்றி, 1913இல் பெரிய கட்டடத்திற்குக் குடியேறிய மிண்டோ கண் மருத்துவமனை நகரின் சந்தைப் பகுதிக்கு அருகில் உள்ளது. "கண்ணிகெ தூளு பித்திதெ" என்றால் எவரும் புரிந்துகொள்வர். கன்னடத்திலும் கண் கண்தானே! மருத்துவர் சாயமொன்றை இட்டு நீல ஒளியில் நோக்குவார். கீறல் பச்சையாக ஒளிரும். மேலிமையைப் புரட்டி மறைந்துள்ள துகளையும் தேடுவார். பின்னர்ச் சொட்டு மருந்தோ களிம்போ தருவார். கண்ணை மூடிக் கட்டும் பழைய வழக்கம் குணத்தை விரைவுபடுத்துவதில்லை என்று தெரிந்தபின் சிறு கீறல்களுக்கு அது பெரும்பாலும் கைவிடப்பட்டது. பரிசோதனைக்கென இடும் மரப்பு மருந்தை வீட்டிற்குக் கேட்டு வாங்கலாகாது. அது புண் ஆறுவதைத் தடுக்கும். மருந்துக் கடையில் "சிவப்புக்கு" என்று கேட்டால் கிடைக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து இன்னும் தீயது. வலியைத் தணித்துவிட்டுக் காளானை வளர்க்கும். காண்டாக்ட் லென்ஸ் அணிவோர் உடனே அதனைக் கழற்றி, அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

சாணை பிடிப்போர்க்குப் பக்கங்களும் மூடிய காப்புக் கண்ணாடி இன்றியமையாதது. சாதாரண மூக்குக்கண்ணாடி அதற்கு ஈடாகாது. குழந்தையின் நகத்தை வாரந்தோறும் வெட்டுக.

கீறல் ஆறிச் சில வாரங்களோ மாதங்களோ கழிந்தபின், விடியற்காலையில் கண் திறக்கும்போது திடீரென்று அதே வலி தோன்றுவதுமுண்டு. நகத்தாலும் காகித விளிம்பாலும் நேர்ந்த கீறல்களில் இது மிகுதி. புதுத்தோல் அடியில் உறுதியாகப் பற்றாமல், உறக்கத்தில் இமையோடு ஒட்டிப் பெயர்வதே காரணம். அதற்குப் படுக்குமுன் இடும் வழவழப்பான களிம்பைப் பல வாரங்கள் தொடரச் சொல்வர்.