மீற்றருக்குள் ஈரமா? மறைக்காதீர்கள், உலர்த்துங்கள்

ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் பல மோட்டார் சைக்கிள்களின் மீற்றர் கண்ணாடி உள்ளே புகைமூட்டம் போட்டுவிடும். சிறிய விடயம்தானே என்று விட்டுவிடுகிறோம். ஆனால் விற்கும்போதுதான் அதன் பெறுமதி தெரியும். ஒரு முறை எனது வண்டியைப் பார்க்க வந்தவர், எஞ்சினைக்கூட ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "இது வெள்ளத்தில் நின்ற வண்டி போல" என்று சொல்லிப் போய்விட்டார். 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த வெள்ளத்தையும் 2024 நவம்பர் வெள்ளத்தையும் கண்ட நம் ஊரில் அந்தச் சந்தேகம் நியாயமானதே.

ஈரம் எப்படி உள்ளே போகிறது? வண்டி ஓடும்போதும் வெயிலில் நிற்கும்போதும் மீற்றருக்குள் இருக்கும் காற்று சூடாகி வெளியேறும். இரவில் குளிரும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. கடலும் களப்பும் சூழ்ந்த இடம் என்பதால் உப்பும் சேர்ந்து வருகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். வயர் முனைகளையும் அரிக்கும்.

விளக்கைப் போட்டுச் சற்று நேரம் ஓடியதும் மறைகிற மெல்லிய புகை பழுதல்ல. துளி துளியாக நீர் நின்றால் றப்பர் வளையமோ கேபிள் நுழையும் இடமோ பழுது.

திருத்தும் முறை இதுதான். முதலில் பற்றரி இணைப்பைக் கழற்றுங்கள். மீற்றரை வெளியே எடுத்து, பின்புற பல்ப் ஹோல்டர்களை உருவிவிடுங்கள். ஈரம் வெளியேற வழி வேண்டும். பின்னர் மிதமான வெயிலிலோ, தலைமுடி உலர்த்தும் கருவியைத் தள்ளிப் பிடித்தோ உலர்த்துங்கள். கை தாங்கும் சூடு போதும். மிஞ்சினால் பிளாஸ்டிக் நெளியும். அதன்பின் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு ஓரிரு நாள் வையுங்கள். சப்பாத்துப் பெட்டியில் கிடக்கும் பழைய பைகள் ஏற்கெனவே ஈரம் குடித்தவை, உதவாது.

மூடும்போது புதிய றப்பர் போடுங்கள். புளிப்பு வாசனை வரும் சிலிக்கோன் பசையைத் தவிருங்கள். அது செம்பை அரிக்கும். காற்றுத் துளையை அடைக்க வேண்டாம், அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். சேர்விஸ் செய்யும்போது மீற்றருக்கு நேரே தண்ணீரைப் பாய்ச்ச விடாதீர்கள். உத்தரவாதக் காலம் முடியாத டிஜிட்டல் மீற்றரை நீங்களே திறக்காமல் முகவரிடம் கொடுங்கள்.

நீரிறைக்கும் இயந்திரம், கொம்பிரசர் வைத்திருப்போர் கிளிசரின் நிரப்பிய அமுக்க மானியை வாங்குவது நல்லது. அதிர்வையும் தாங்கும், ஈரமும் உள்ளே இறங்காது. அமுக்கம் தெரியாமல் இயக்கினால் நட்டம் மீற்றரோடு நிற்காது.

கடைசியாக ஒன்று. மீற்றரைத் திறந்திருந்தால் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஓடிய கிலோமீற்றரைக் குறைத்ததாகவே நினைப்பார். தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நாம் அறியாததல்ல. ஈரத்தை உலர்த்தி விற்பது தொழில். மறைத்து விற்பது மோசடி.