அமைதி காக்கும் நீலத் தொப்பிகள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

சென்ற அக்டோபர் 24-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் தினத்தையொட்டி நம் கல்லூரியில் பேச்சுப் போட்டி நடந்தது. "உலக அமைதி" என்னும் தலைப்பில் நானும் பேசினேன். இரண்டாம் பரிசும் கிடைத்தது. அன்றிரவு வீட்டில் என் தந்தையாருக்கு அந்தப் பேச்சை மீண்டும் ஒருமுறை பேசிக் காட்டினேன். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் எதையும் கவனமாகக் கேட்பவர். முழுவதையும் கேட்டுவிட்டு, "அண்ணன் தம்பி அடிச்சுக்கிறப்ப, எங்கிருந்தோ வந்தவன் நடுவுல நின்னா சண்டை நின்னுடுமாப்பா? அவன் போனதும் மறுபடி அடிச்சுக்க மாட்டாங்களா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பரிசு வாங்கிய என் பேச்சிலும் அதற்குப் பதில் இல்லை. வெட்கத்தோடு நூலகத்திற்குச் சென்று தேடினேன். அந்தத் தேடலின் விளைவே இக்கட்டுரை.

அமைதிப்படை என்பது யாது?

ஐ.நா. சபைக்கென்று சொந்தப் படை கிடையாது. உறுப்பு நாடுகள் தம் படைவீரர்களையும் போலீசாரையும் அதற்கு இரவலாகத் தருகின்றன. அவர்கள் தத்தம் நாட்டுச் சீருடையோடு நீலத் தொப்பி அணிந்து பணிபுரிகிறார்கள்.

இதில் ஒரு விந்தை உண்டு. "அமைதி காத்தல்" என்னும் சொல்லே ஐ.நா. சாசனத்தில் இல்லை! சாசனத்தின் ஆறாம் அத்தியாயம் தகராறுகளைப் பேசித் தீர்ப்பதைப் பற்றியது. ஏழாம் அத்தியாயம், வேண்டுமானால் படைபலத்தையும் பயன்படுத்தலாம் என்பது. அமைதிப்படை இவ்விரண்டுக்கும் நடுவே தோன்றியதால் அதனை "ஆறரையாவது அத்தியாயம்" என்று வேடிக்கையாகக் கூறுவர். 1948-இல் மத்திய கிழக்கில் ஆயுதமற்ற பார்வையாளர்களோடு இப்பணி தொடங்கியது. 1956-இல் சூயஸ் நெருக்கடியின்போதுதான் ஆயுதம் தாங்கிய முதல் அமைதிப்படை அமைந்தது. அதில் இந்திய வீரர்களும் இருந்தனர்.

இப்படைக்கு மூன்று விதிகள் உண்டு. சண்டையிட்ட தரப்பினரின் சம்மதத்தோடுதான் வர வேண்டும். எப்பக்கமும் சாயக்கூடாது. தன்னையும், தனக்கு இடப்பட்ட பணியையும் காப்பதற்கன்றி ஆயுதத்தைப் பயன்படுத்தக்கூடாது.

இவ்விதிகள் முதலில் இரண்டு நாடுகளுக்கு இடையே நிற்பதற்காக உருவானவை. உள்நாட்டுப் போரிலோ எல்லைக்கோடு கிடையாது. பகைவன் அடுத்த தெருவிலேயே இருக்கிறான். போர் முடிந்த பின்னும் அங்கேதான் இருக்கப் போகிறான். ஆகவே நடுவில் நின்றால் மட்டும் போதாது. துப்பாக்கிகளை வாங்க வேண்டும். போலீசை உருவாக்க வேண்டும். தேர்தல் நடத்த உதவ வேண்டும். இவ்வளவையும் வெளியார் செய்ய முடியுமா? மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள லைபீரியாவின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

இரண்டு போர்கள்

அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய கறுப்பின மக்கள் 1847-இல் சுதந்திர நாடாக அறிவித்த நாடு லைபீரியா. அவர்களின் வழிவந்த சிலரே நூறாண்டுகளுக்கு மேல் ஆட்சியைக் கையில் வைத்திருந்தனர். மண்ணின் மைந்தர்கள் ஒதுக்கப்பட்டனர். அந்தக் கசப்பு 1980-இல் இராணுவப் புரட்சியாக வெடித்தது. 1989 டிசம்பரில் சார்லஸ் டெய்லர் என்பவர் தம் படையோடு எல்லை தாண்டி வந்தார். உள்நாட்டுப் போர் மூண்டது.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். லைபீரியா பல கூறுகளாகப் பட்டபோது அதன் மரங்களும் வைரங்களும் விலைபோயின. அந்தப் பணம் துப்பாக்கியாகத் திரும்பி வந்தது. சிறுவர்கள் கையிலும் துப்பாக்கி கொடுக்கப்பட்டது.

அண்டை நாடுகளின் படை 1990-இல் வந்தது. 1993-இல் ஐ.நா. ஒரு சிறு பார்வையாளர் குழுவை அனுப்பியது. ஆயுதங்களை முழுமையாகத் திரும்பப் பெறாமலே 1997-இல் தேர்தல் நடந்தது. டெய்லரே வென்றார். அவர் தோற்றால் மீண்டும் போரைத் தொடங்கிவிடுவாரோ என்ற அச்சத்தினாலேயே பலர் அவருக்கு வாக்களித்தனர் என்பர். வந்தவர்கள் புறப்பட்டுப் போனார்கள். இரண்டே ஆண்டுகளில், 1999-இல், மீண்டும் போர்! என் தந்தையார் அஞ்சியது அப்படியே நடந்தது. இரு போர்களிலும் சேர்த்து ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் மாண்டிருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது.

துப்பாக்கிக்குப் பதில் என்ன?

2003-இல் முதலில் நடுவில் வந்து நின்றவர்கள் வெளிநாட்டார் அல்லர், அந்நாட்டுப் பெண்களே. லேமா போவீ என்பவரின் தலைமையில் கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளை உடையணிந்து, தலைநகர் மன்ரோவியாவில் மீன் சந்தையருகே நாள்தோறும் அமர்ந்தனர். கானா நாட்டில் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனபோது, அங்கும் சென்று, உடன்பாடு காணாமல் யாரும் வெளியேறக்கூடாதென்று மண்டபத்தின் வாயிலை மறித்தனர். டெய்லர் பதவி விலகினார். ஆகஸ்டு 18 அன்று உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அக்டோபர் 1 அன்று ஐ.நா. அமைதிப்படை பொறுப்பேற்றது. இம்முறை 15,000 வீரர்களுக்கும் 1,115 போலீசாருக்கும் பாதுகாப்புச் சபை அனுமதி வழங்கியிருந்தது.

தொடக்கமே சறுக்கியது. அவ்வாண்டு டிசம்பரில் போதிய முன்னேற்பாடின்றி ஆயுதம் பெறும் முகாமைத் திறந்தார்கள். எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு கூட்டம் வந்தது. பணம் அன்றே வேண்டுமென்று கலகம் செய்தார்கள், உயிர்கள் பலியாயின. முகாமை மூடிவிட்டு, 2004 ஏப்ரலில் தக்க ஏற்பாடுகளோடு மீண்டும் தொடங்கினார்கள்.

ஆயுதத்தை ஒப்படைத்தவருக்கு இரண்டு தவணைகளில் 300 டாலர். பிறகு பள்ளிப் படிப்பு, அல்லது தச்சு, கொத்து, தையல் போன்ற தொழிற்பயிற்சி. ஓராண்டுக்குள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்துகொண்டனர். அவர்களுள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறார்கள். ஆனால் வந்து சேர்ந்த துப்பாக்கிகளோ ஏறத்தாழ 28,000 மட்டுமே! தோட்டாக்களைக் கொடுத்தவர்களும், படையோடு சுமை தூக்கிச் சென்றவர்களும் சேர்க்கப்பட்டது ஒரு காரணம். போரிடாத சிலர் பணத்துக்காக நுழைந்துவிட்டது மற்றொரு காரணம். துப்பாக்கியை வாங்குவது எளிது. அதை வைத்துப் பிழைத்தவனுக்கு வேறு பிழைப்புக் காட்டுவதே கடினம் என்பது இதிலிருந்து புலனாகிறது.

இம்முறை தேர்தலுக்கு அவசரப்படவில்லை. 2005-இல் நடந்த தேர்தலில் எலன் ஜான்சன் சர்லீஃப் அம்மையார் வென்றார். ஆப்பிரிக்கக் கண்டத்திலேயே தேர்தல் மூலம் நாட்டுத் தலைமைக்கு வந்த முதல் பெண்மணி இவரே.

நம் நாட்டுப் பெண்கள்

2007-இல் நம் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மன்ரோவியா சென்றனர். ஐ.நா.வின் வரலாற்றில் முழுக்க முழுக்கப் பெண்களால் ஆன முதல் போலீஸ் அணி அதுவேயாகும். குடியரசுத் தலைவரின் அலுவலகத்தைக் காத்தார்கள். இரவில் வீதிகளில் ரோந்து சுற்றினார்கள். ஆண் சிப்பாயைக் கண்டால் அஞ்சி ஒளிந்த பெண்கள் இவர்களிடம் தயங்காமல் முறையிட முடிந்தது. லைபீரியப் பெண்கள் பலருக்குத் தாங்களும் போலீசில் சேரலாம் என்ற துணிவு பிறந்தது. 2016-இல் இந்த அணி நாடு திரும்பியது.

வேலியும் பயிரும்

நல்லதை மட்டும் சொல்லிக் குறைகளை மறைப்பது நேர்மையாகாது. காக்க வந்தவர்களிலேயே சிலர், பசித்த பெண்பிள்ளைகளை உணவுக்கும் காசுக்கும் ஈடாகச் சீரழித்தார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை இது. இதனைத் தடுக்க ஐ.நா. 2003-இல் கடும் விதிகளை வகுத்தும், குற்றம் செய்த வீரனைத் தண்டிக்கும் அதிகாரம் அவனை அனுப்பிய நாட்டிடமே இருந்தது. தவிரவும், டெய்லர் 2012-இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றது பக்கத்து நாடான சியரா லியோனில் நடந்த கொடுமைகளுக்காகவே. தம் சொந்த நாட்டில் செய்தவற்றுக்காக அவர் விசாரிக்கப்படவில்லை. அமைதிப்படை போரை நிறுத்தியது. நீதியைக் கொண்டுவர அதனால் இயலவில்லை.

தந்தைக்குப் பதில்

2018 மார்ச் 30 அன்று அமைதிப்படை லைபீரியாவை விட்டு வெளியேறியது. பதினான்கு ஆண்டுகளுக்கும் மேலான பணி! அதன் பின் நடந்ததுதான் முக்கியம். 2023 நவம்பரில் அதிபர் தேர்தல் நடந்தது. பதவியிலிருந்த ஜார்ஜ் வியா, ஜோசப் போகாயிடம் சுமார் இருபதாயிரம் வாக்குகள் வித்தியாசத்தில் தோற்றார். காவலுக்கு நீலத் தொப்பிகள் இல்லை. முழு முடிவும் அறிவிக்கப்படுமுன்பே தோல்வியை ஒப்புக்கொண்டு, வென்றவரைத் தொலைபேசியில் அழைத்து வாழ்த்தினார் வியா. தோற்றவன் துப்பாக்கியை எடுக்காமல் வீட்டுக்குப் போகிறான் என்றால் அதுதானே அமைதி?

பொங்கல் விடுமுறையில் இவற்றையெல்லாம் தந்தையாரிடம் சொன்னேன். "நடுவில் நிற்பவன் அமைதியைத் தர மாட்டான் அப்பா; அடித்துக்கொண்டவர்கள் மீண்டும் சேர்ந்து வாழப் பழகுவதற்கு நேரம் வாங்கித் தருகிறான். நேரம் போதாமல் போனால் மறுபடி சண்டை வரும்" என்றேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "உங்க தாத்தா நம்ம ஏரியில நீர்க்கட்டியா இருந்தாரு. அவருக்குன்னு ஒரு குழி நிலம் கிடையாது. அதனாலதான் ரெண்டு தரப்பும் அவரு பேச்சுக்குக் கட்டுப்பட்டாங்க. ஆனா மடையப் பாத்துக்கறதோட அவரு வேலை முடிஞ்சுது. பயிர் வைக்க வேண்டியவன் நிலத்துக்காரன்தானே?" என்றார்.

அடுத்த ஆண்டுப் போட்டியில் என் பேச்சை இந்தச் சொற்களிலிருந்தே தொடங்குவேன்.