தலைப்பாகை என்னும் திருவுடை

தோழர்களே, கடவுள்முன் மரியாதை என்றால் சட்டையைக் கழற்று, தோளில் கிடக்கும் துண்டை இடுப்பில் கட்டு என்பதே நம் பக்கத்துப் பல கோயில்களின் வழக்கம். இதே பணிவைத்தான் ஊர்த் தெருவில் ஆதிக்கச் சாதிகள் நம் முன்னோரிடம் கேட்டன.

அய்யா வைகுண்டர் (1809–1851) இந்த வழக்கத்தைப் புரட்டிப் போட்டார். திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியார் தலைப்பாகை கட்டத் தடை இருந்தது. அவரோ தலைப்பாகையோடு வணங்கச் சொன்னார். நெல்லை, தூத்துக்குடிப் பகுதி நிழல் தாங்கல்களில் இன்றும் ஆண்கள் அப்படித்தான் வணங்குகிறார்கள். எதிரே சிலை இல்லை, கண்ணாடி. அதில் தெரிவது நிமிர்ந்த தன் தலை. மறுக்கப்பட்ட உடையே அங்கே திருவுடை.

அரசு அவ்வளவு தூரம் வரவில்லை. தோள்சீலைப் போராட்டத்துக்குப் பின் 1859 ஜூலை 26இல் வந்த திருவிதாங்கூர் அரசாணை, நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்றது. ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்றது. மானத்திலும் படிநிலையை விடவில்லை.

அந்தப் படிநிலையில் இன்னும் கீழே நிறுத்தப்பட்டவர்கள் நாம். ஆகவே தாமிரபரணிக் கரையில் நாம் கேட்க வேண்டியது ஒன்று: தாங்கலில் தலைப்பாகை கட்டுகிறவர், தன் தெருவில் ஒரு தலித்தின் தோள்துண்டை மதிக்கிறாரா? மதித்தால்தான் அது வைகுண்டர் தந்த தலைப்பாகை.