கழுவாத பிலிமும் விமானப் பயணமும்

பிலிம் கேமராவோடு விமானம் ஏறுகிறீர்களா? கழுவாத பிலிம் சுருளைச் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அந்தப் பெட்டிகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே மிக வலுவானது. பிலிமில் புகைமூட்டம்போலப் படிந்து, எடுத்த படங்களையே கெடுத்துவிடும். கையோடு கொண்டுபோங்கள்.

கைப்பையைப் பார்க்கும் பழைய எக்ஸ்ரே இயந்திரத்தில், ஐ.எஸ்.ஓ. 800-க்குக் குறைந்த பிலிம் ஓரிரு முறை போய்வந்தால் பெரும்பாலும் பாதிப்பு தெரியாது. ஆனால் ஒவ்வொரு முறை பட்ட கதிரின் பாதிப்பும் சேர்ந்துகொண்டே போகும். இப்போது பல விமான நிலையங்களில் சி.டி. ஸ்கேனர் வந்துவிட்டது. அதில் ஒரே தடவை போனாலும் பிலிம் கெடலாம். ஆகவே சுருள்களை உள்ளிருப்பது தெரியும் பையில் தனியாகப் போட்டு, கையால் சோதிக்கும்படி அதிகாரியிடம் முன்கூட்டியே கேளுங்கள். கேட்கத் தயங்கவே வேண்டாம். போன படம் திரும்பாது. கேமராவுக்குள் பாதி ஓடிய சுருள் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கழுவிய நெகட்டிவுக்கும் மெமரி கார்டுக்கும் இந்தப் பயமில்லை. ஆனால் கேமராவுக்கான உபரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வரவேண்டும். அவற்றின் முனைகளில் டேப் ஒட்டிவிடுங்கள்.